சேலத்துக் கரட்டிலிருந்து ஹட்டி சுரங்கம் வரை: ஜியாலஜி படித்த பிள்ளைகளோடு எட்டு நாள்

2025 பிப்ரவரி 17, திங்கள். சேலம்

சேலத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். ஆனாலும் அந்தக் கல்லை ஒரு தடவைகூட உடைத்துப் பார்க்காமல் ஜியாலஜி முதுநிலையின் கடைசி செமஸ்டருக்கு வந்துவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களோடு வரும் நான்கு பேரில் இரண்டு பேர் அப்படித்தான். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஃபீல்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், செலவுக்குக் காசு வேண்டும். அதற்காகவே இந்தப் பயணம்: இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள், சுரங்க வேலை பார்த்த நாங்கள் இரண்டு பேர்.

காலை ஏழு மணிக்குக் குவாரி மேட்டில் நல்ல குளிர். பத்து மணிக்குள் வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் திறக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்தவர்கள் பிழைத்தார்கள். பச்சையும் பழுப்புமாக மக்கிப்போன டியூனைட் பாறைக்குள் மேக்னசைட் வெள்ளை நரம்புகளாக ஓடிப் பின்னிக் கிடக்கிறது. விரல் அகல நரம்பும் உண்டு, ஆள் உயரத்துக்கு வீங்கியதும் உண்டு.

முதல் பாடம் அமிலம். பத்து சத ஹைட்ரோகுளோரிக் அமிலம், 30 மில்லி சொட்டுக் குப்பியில். கடையில் வாங்கும் அடர் அமிலம் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். தண்ணீரை முதலில் ஊற்றி அதில் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். கால்சைட் சொட்டு பட்டதுமே பொங்கும். டோலமைட்டைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கினால்தான் பொங்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துக்கு அசையாது, சூடாக்கினால்தான் பொங்கும்.

இதைப் புத்தகத்தில் படித்த நால்வரும் இன்று ஏமாந்தார்கள். கல் நன்றாகவே பொங்கியது. கல்லின் மேல்தோலில் படிந்திருந்த சுக்கான் பொங்கியதே தவிர, உள்ளே இருந்த மேக்னசைட் இல்லை. மழைத்தண்ணீர் இறக்கிவிட்ட சுண்ணாம்பு வெடிப்பெல்லாம் பூசிக் கிடக்கும். சுத்தியால் தட்டிப் புது முகம் எடுத்து, அதில் சொட்டு விட்டதும் கல் அமைதியாக இருந்தது. இன்டர்வியூ மேசையில் கல்லைக் கொடுத்துக் கேட்கும்போது பலர் தடுமாறும் இடம் இது. பெயரைச் சொல்ல அவசரப்படாமல் புது முகம், கனம், கீறல் பொடியின் நிறம், காந்தம், அமிலம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வாய் திறக்க வேண்டும்.

கட்டி உடைத்துக் கல் பொறுக்கும் அம்மா ஒருவர் மாணவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "கண்ணு, இந்தப் பச்சை ஒட்டியிருக்கு பாரு, இதை விட்டுட்டா லோடு திரும்பி வந்துரும்." அந்தப் பச்சை செர்பென்டைன், அதில் இருப்பது சிலிக்கா. சூளையில் போகும் கல்லில் சிலிக்கா ஏறினால் உலைச் செங்கல் வெப்பம் தாங்காது. நூறு கிலோ சுத்தமான மேக்னசைட்டைச் சுட்டால் 52 கிலோ கரியமில வாயுவாகப் போய் 48 கிலோதான் மிஞ்சும். ஒட்டிய சிலிக்கா அப்படியே தங்குவதால், கல்லில் 2 சதமாக இருந்தது சுட்ட பிறகு 4 சதமாகி நிற்கும். அந்த அம்மாவின் கைக்கு இந்தக் கணக்கு தெரியும்.

சாயங்காலம் தட்டுவடை செட், ஒரு தட்டு 35 ரூபாய். பீட்ரூட் துருவலும் இரண்டு சட்னியும் தட்டுவடைக்கு நடுவே. நான்கு பேரும் இரண்டாவது தட்டு கேட்டார்கள். பிறகு பஜாரில் சாமான்: ஐந்து மீட்டர் டேப், பத்து மடங்கு லென்ஸ், காந்தம், மார்க்கர், கனமான பாலிதீன் பை. இன்று எடுத்த சாம்பிள் ஐந்து.

பிப்ரவரி 18, செவ்வாய். கஞ்சமலை

சித்தர் கோயில் பக்கம் இறங்கி நடந்தோம். மலை வனத்துறையின் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் மேலே சுத்தியலோடு போகக் கூடாது. ஓடையில் உருண்டு வந்து கிடக்கும் கல்லே பாடத்துக்குப் போதுமானதாக இருந்தது. மேக்னடைட்டும் குவார்ட்ஸும் கறுப்பு வெள்ளைக் கரை போட்ட சேலை மாதிரி மாறி மாறி இருக்கும். ஆடு ஓட்டி வந்த பெரியவர், "கறுப்பு இரும்பு, வெள்ளை வெங்கச்சங்கல்" என்று எங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுத் தன் கேனில் இருந்த தண்ணீரையும் நீட்டினார்.

காம்பஸ் இங்கே பொய் சொல்லும். ஒரு பாறையின் மேல் காம்பஸை வைத்துப் பார்த்தால் வடகிழக்கு 40 டிகிரி. அதே திசையைக் காம்பஸை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பார்த்தால் 71. போனில் உள்ள காம்பஸும் காந்தத்தைத்தான் நம்புகிறது, அதுவும் உதவாது. கண்டுபிடிக்கும் வழி எளிது. ஐம்பது மீட்டர் தள்ளி ஓர் ஆளை நிறுத்தி, இங்கிருந்து அவரைப் பார்த்து ஒரு ரீடிங், அவர் இடத்திலிருந்து இங்கே ஒரு ரீடிங். இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். இன்று 163 வந்தது. அப்படியானால் இரண்டு இடத்தில் ஒன்றிலாவது பாறை ஊசியை இழுக்கிறது. அந்த இடத்தில் ஜி.பி.எஸ். புள்ளிகள் இரண்டை எடுத்துக் கோடு போட்டுத் திசை எழுதுவதுதான் நேர்மை.

டிரில்லிங்கிலும் இதே தொல்லைதான். இரும்புத் தாது உள்ள பாறையில் துளையின் திசையைக் காந்தக் கருவியால் அளந்தால் வளையாத துளை வளைந்ததாகத் தெரியும், வளைந்தது நேராகத் தெரியும். காந்தத்தை நம்பாத கைரோ கருவிதான் கேட்க வேண்டும். டிரில்லிங் காண்ட்ராக்டர் அதற்குத் தனிக் காசு கேட்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்த இடத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து மாடல் போடும்போது தாது மலைக்கு வெளியே போய் நிற்கும்.

மத்தியானம் கோயில் நிழலில் அடர்த்தி பார்த்தோம். கொக்கித் தராசு, ஒரு வாளித் தண்ணீர், நூல். காற்றில் கல் 1,560 கிராம். தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 1,110. வித்தியாசம் 450, அதுதான் கல்லின் கொள்ளளவு. 1,560 வகுத்தல் 450, அடர்த்தி 3.47. குவார்ட்ஸ் 2.65, மேக்னடைட் 5.2 என்று வைத்துக்கொண்டால், கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் மேக்னடைட் இருக்கிறது. மேக்னடைட்டில் இரும்பு 72.4 சதம். கணக்குப் போட்டால் அந்தக் கல்லில் இரும்பு சுமார் 35 சதம். லேபுக்குப் போகுமுன்பே கையில் ஒரு எண். லேப் 52 என்று எழுதி அனுப்பினால் அன்றைக்கே போன் போட்டுக் கேட்கத் துணிவு வருவது இந்தக் கணக்கினால்தான்.

ஒரு எச்சரிக்கை. மக்கின கல்லில் ஓட்டை இருக்கும், தண்ணீர் உள்ளே புகுந்து அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். மெழுகு தடவியோ, சமையலறை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றியோ முக்க வேண்டும்.

ஒன்பது சாம்பிள். நேற்றையதோடு 14. பையின் மேல் மார்க்கரில் எண், உள்ளே ஒரு துண்டுத் தாளில் அதே எண். இது போதும் என்று எல்லோரும் நினைத்தோம்.

பிப்ரவரி 19, புதன். கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்)

பங்காருப்பேட்டையில் இறங்கி லோக்கல் ரயில் மாறினோம். பெட்டி முழுக்கத் தமிழ். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்திலிருந்து நான்கு தலைமுறைக்கு முன் சுரங்கத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் தொடங்கி, 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கி, 1956-ல் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிய சுரங்கம். அதில் சாம்பியன் ரீஃப் என்ற பகுதி சுமார் 3,200 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். மேலே கனத்த பாறை இருந்ததால்தான் 1965-ல் விஞ்ஞானிகள் இந்தச் சுரங்கத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். இன்று ஷாஃப்ட் என்ற இறங்கு குழிகளுக்கு உள்ளே தண்ணீர். வெளியே அவற்றின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரமான ஹெட்கியர் துருப்பிடித்து நிற்கிறது, பக்கத்தில் லைன் வீடுகளில் துணி காய்கிறது.

ராபர்ட்சன்பேட்டையில் டீ 12 ரூபாய். அங்கே உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், நாங்கள் கல் படிக்கிறவர்கள் என்று தெரிந்ததும் டீயை வைத்துவிட்டுப் பேசினார். "தம்பி, பாறை வெடிக்கிறதுக்கு முன்னாடி பேசும். சின்னச் சின்னதா பட்டாசு மாதிரி. அதைக் கேட்டும் நிக்கிறவன் வீட்டுக்குப் போகமாட்டான். நாங்க அதை ஏர் பிளாஸ்ட்னு சொல்வோம்." ராக் பர்ஸ்ட் என்று புத்தகம் சொல்வது அதுதான். ஆழத்தில் நாலா பக்கமும் அழுத்தப்பட்டிருக்கும் பாறையில் குடைந்ததும், அழுத்தம் மிச்சமிருக்கும் தூணுக்குள் போய்ச் சேர்கிறது, ஒரு நாள் தூண் சிதறுகிறது. எங்கே எந்தத் தூணை விட வேண்டும் என்று தீர்மானிக்கும்போது குறுக்கே புகுந்த பாறைச் சுவரான டைக் எங்கே, பாறை பிளந்து நகர்ந்த ஃபால்ட் எங்கே என்று ஜியாலஜிஸ்ட் போட்ட வரைபடம்தான் மேசையில் இருக்கும். பெரியவர் எங்கள் நான்கு பிள்ளைகளின் டீக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார், மறுத்தும் கேட்கவில்லை.

மாலையில் காற்று. சயனைடு மலையிலிருந்து வெள்ளைத் தூள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. மில்லில் அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், சுமார் 3.3 கோடி டன். பழைய மில் விட்டுப்போன தங்கம் அதில் இன்னும் கொஞ்சம் இருப்பதால், இதை மறுபடி எடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழும். இப்படி ஒரு குவியலுக்குச் சாம்பிள் எடுப்பது புதியவர்களுக்கு வாய்க்கும் வேலை. மேலே நின்று மண்வெட்டியால் அள்ளினால் எண் பொய்யாகும், காரணம் பல வருட மழை மேல்மண்ணைக் கழுவியிருக்கும், காற்று லேசானதை அடித்துப் போயிருக்கும். சம தூரக் கட்டம் போட்டு, மண்ணுக்குள் திருகி இறங்கும் ஆகரால் அடி வரைக்கும் துளைத்து, மீட்டருக்கு ஒரு சாம்பிள். ஈரத்தை அன்றைக்கே எடை போட வேண்டும். ஈரத்தைக் கழிக்காமல் டன் கணக்குப் போட்டால் தண்ணீரையும் தங்கமண்ணாக எண்ணிவிடுவோம்.

பிப்ரவரி 20, வியாழன். பெத்தப்பள்ளி, பெங்களூர் வழி

காலையில் பெத்தப்பள்ளி. எரிமலைக் கற்களும் தலையணை லாவாவும் உள்ள இந்த இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. சுத்தியல் பைக்குள்ளேயே இருந்தது. இங்கே படம் மட்டும், அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. ஸ்கேல் இல்லாத பாறைப் படம் யாருக்கும் உதவாது.

பஸ்ஸுக்குக் காத்திருந்த மூன்று மணி நேரமும் பரீட்சைப் பேச்சு. கேட்டவர்களுக்குச் சொன்னது இங்கேயும். யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த ஜியோ சயின்டிஸ்ட் தேர்வில் முதல்நிலை 400 மதிப்பெண், முதன்மை 600, நேர்முகம் 200, வயது 21 முதல் 32, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கேட் தேர்வில் ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் தாள் எழுதி வைத்தால் பொதுத்துறை நிறுவனங்கள் சில அந்த மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும். தமிழ்நாட்டில் புவியியல் மற்றும் சுரங்கத்துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும். யுரேனியம், அரிய மண் தாது என்று போக விருப்பமுள்ளவர்கள் அணுக் கனிம இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இரண்டு வருடம் வீட்டில் உட்காருவதைவிட, அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சேர்ந்து பிளாஸ்ட் துளைப் பொடியில் சாம்பிள் எடுத்துக்கொண்டே படிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. நேர்முகத்தில் அந்தப் பொடிதான் பேசும்.

இரவு பஸ்.

பிப்ரவரி 21, வெள்ளி. மஸ்கி, ஹட்டி

விடிகாலை நாலரைக்கு மஸ்கிக்குக் கொஞ்சம் முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. டிரைவர் பதற்றமில்லாமல் சிந்தனூருக்குப் போன் போட்டுவிட்டு, பெண்களை மட்டும் எதிர்க் கடைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, கடைக்காரரை எழுப்பினார். கடைக்காரர் கோபப்படவில்லை. அடுப்பு மூட்டி மண்டக்கி ஒக்கரணே போட்டார். பொரியை நனைத்துப் பிழிந்து, கடுகு, பச்சை மிளகாய், பொட்டுக்கடலைப் பொடி போட்டுத் தாளித்தது. கூட மிளகாய் பஜ்ஜி. தட்டு 30 ரூபாய். மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

மஸ்கி அசோகர் கல்வெட்டு ஊர். அசோகர் என்ற பெயரையே சொல்லும் அந்தக் கல்வெட்டை 1915-ல் கண்டவர் பீடன், தங்கம் தேடித் திரிந்த சுரங்கப் பொறியாளர். பாறையைக் கவனிக்கிற கண்ணுக்கு எழுத்தும் தப்பவில்லை.

டயரைவிடப் பெரிய நஷ்டம் பஸ்ஸின் அடிப்பகுதியில் காத்திருந்தது. யாருடைய தண்ணீர் கேனோ கசிந்து எங்கள் சாம்பிள் மூட்டை ஊறிப்போயிருந்தது. கல்லோடு கல் உரசிப் பைகள் கிழிந்திருந்தன. பைமேல் மார்க்கர் எழுத்து தேய்ந்துவிட்டது, உள்ளே போட்ட தாள் கூழாகிவிட்டது. 14-ல் மூன்றுக்கு எண் தெரியவில்லை. மூன்றும் கஞ்சமலைக் கல்தான், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஓடையில் எந்தப் புள்ளியில் எடுத்தது என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. அதை எடுத்த பையன், "சார், இது நாலாம் நம்பராத்தான் இருக்கணும்" என்றான். "இருக்கணும்" என்ற சொல்லோடு ஒரு சாம்பிள் லேபுக்குப் போகக் கூடாது. மூன்றையும் சாலையோரமே விட்டோம்.

செய்திருக்க வேண்டியது இது. அச்சடித்த டிக்கெட் புத்தகம், ஓர் எண் ஒரே தடவைதான் வரும். அடித்தாள் புத்தகத்தில் இருக்கும், கிழித்த துண்டு சின்ன ஜிப் கவருக்குள் போட்டுப் பைக்குள் போகும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிய எண் இன்னொன்று. பைக்கு மேல் எழுதுவது மூன்றாவது துணைதான். எடுத்த இடத்திலேயே நோட்டில் ஜி.பி.எஸ். எண்ணோடு பதிவு, அன்றிரவே போனில் ஒரு படம். கடைசியாக இரட்டைப் பை.

லிங்கசுகூரில் இறங்கி ஹட்டி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று, வெயில் 36 டிகிரி. கானாவளி என்ற சாப்பாட்டுக் கடையில் ஜோள ரொட்டி, எண்ணெகாய், கடலைச் சட்னி, மோர், சாப்பாடு 80 ரூபாய். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அக்கா இலையில் ரொட்டி தீருமுன் அடுத்ததைப் போட்டுவிடுகிறார். கன்னடம் தெரியாது என்றதும் விரலைக் காட்டி எண்ணிக்கை கேட்டார்.

பிப்ரவரி 22, சனி. பூமிக்கு அடியில்

சுரங்கத்தில் வேலைக்குச் சேரும் யாருக்கும் முதலில் மருத்துவப் பரிசோதனை. நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சு அளவு, காது, கண் பார்த்துப் படிவம் 'ஓ' தருவார்கள். பிறகு தொழில் பயிற்சி மையத்தில் பாதுகாப்பு வகுப்பு. பார்வையாளர்களுக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பஸ்ஸில் தூங்காத ஒரு பையனுக்கு 156-க்கு 98. அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தும் இறங்கவில்லை. கீழே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரியான முடிவு. அவன் விளக்கு அறையில் இருந்தான், அங்கே டோக்கன் முறையைக் கற்றுக்கொண்டான். இறங்குகிறவர் டோக்கனைப் பலகையில் மாட்டுகிறார், ஏறினால் எடுக்கிறார். ஷிப்ட் முடிந்து பலகையில் ஒரு டோக்கன் மிச்சம் இருந்தால் தேடுதல் தொடங்கிவிடும்.

பெண்களுக்கு ஒரு செய்தி. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணியில் உள்ள பெண்கள் எழுத்து மூலம் சம்மதித்தால் காலை 6 முதல் மாலை 7 வரை நிலத்தடியில் வேலை செய்ய 2019-ல் வந்த அறிவிப்பு அனுமதித்தது, ஒரு ஷிப்டில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது என்றது. எங்களோடு வந்த மாணவிகள் இரண்டு பேருக்கும் இது தெரியாது. துறையில் நுழையும்போதே தெரிந்திருக்க வேண்டிய விதி.

ஹட்டி சுரங்கம் 800 மீட்டருக்கும் மேல் ஆழம். அதற்கு முன்பே பழங்காலத்து ஆட்கள் இங்கே நெருப்பு மூட்டிப் பாறையை வெடிக்க வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். ஆளை இறக்கும் கூண்டான கேஜ் இறங்கும்போது காது அடைக்கிறது, எச்சில் விழுங்க வேண்டும். கீழே காற்று ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. டிரைவ் என்ற குடைபாதையில் நடக்கும்போது முன்னால் போன ஷிப்ட் ஆள் நீளக் கம்பியால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. பானையைத் தட்டினது மாதிரி பொத்தென்று கேட்டால் பின்னால் பிளந்திருக்கிறது, கம்பியால் நெம்பித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த அடி. பாறையை வெட்டிக்கொண்டிருக்கும் முகத்துக்குப் போகும் ஜியாலஜிஸ்டும் முதலில் தட்டித்தான் ஆக வேண்டும். காம்பஸ் அப்புறம்.

ஆம்பிபோலைட் என்ற கறும்பாறைக்குள் குவார்ட்ஸ் ரீஃப், அதாவது தங்கம் உள்ள நரம்பு. பக்கத்தில் பாறை பழுப்பாக, பயோடைட் ஏறி மினுங்குகிறது. அந்த இடத்தில் ஆர்செனோபைரைட், பைரோடைட் என்ற சல்ஃபைடு தாதுக்கள். தங்கம் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று வந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம். டன்னுக்கு நான்கு, ஐந்து கிராம் என்பதை இப்படி நினைத்துப் பார்க்கலாம்: ஒரு டன் பாறையில் ஒரு சின்ன மோதிரம், அதுவும் மாவாக அரைத்துத் தூவியது.

முகத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டிச் சேனல் சாம்பிள் எடுக்கும் வேலைதான் இன்றைய முக்கியப் பாடம். முதலில் பாறையைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்ட் தூசி அத்தனையும் பைக்குள் போகும். ரீஃபுக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை சாக்பீஸில் இரண்டு கோடு. ரீஃப் தொடங்கும் இடத்தில் சுவர்ப் பாறையின் சாம்பிள் முடிய வேண்டும். பாதி ரீஃப், பாதி சுவர் என்று ஒரே பையில் கலந்தால் எந்தக் கணக்கும் சரிவராது. ஐந்து சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் ஆழம், ஒரு மீட்டர் நீளம். கீழே தார்ப்பாய் விரித்து உளியால் வெட்டினார்கள்.

பையைத் தூக்கிப் பார்த்த சாம்பிளர், "இது வேண்டாம்" என்று சைகை காட்டிக் கொட்டிவிட்டார். ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். அந்த அளவுக்கு வெட்டினால் ஆயிரம் கன சென்டிமீட்டர், எடை சுமார் 2.7 கிலோ வர வேண்டும். பையில் 1.6-தான் இருந்தது. கெட்டியான குவார்ட்ஸில் உளி சறுக்கிவிட்டு, பக்கத்து மெத்துப் பாறையை மட்டும் ஆழமாகத் தோண்டியிருக்கிறது. சல்ஃபைடு மெத்துப் பாறையில் இருந்தால் கிரேடு (டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்ற எண்) உயர்ந்து வரும், குவார்ட்ஸில் இருந்தால் தாழ்ந்து வரும். இரண்டும் பொய். மறுபடி வெட்டினார்கள், நாற்பது நிமிடம். அந்த மனிதருக்கு லேப் ரிப்போர்ட் கண்ணில் படாமல்கூடப் போகலாம். ஆனாலும் கொட்டினார்.

பிப்ரவரி 23, ஞாயிறு. கோர் ஷெட்

லிங்கசுகூர் தாலுகாவில் ஒரு ஆய்வு முகாம். ஞாயிற்றுக்கிழமையும் ரிக் ஓடுகிறது. அங்கே காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் இளம் ஜியாலஜிஸ்ட் தமிழ்ப் பையன், சேர்ந்து பதினாலு மாதம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ரசம் சாதம் சாப்பிட்டு மூன்று மாதமாம்.

பெட்டிகளில் துளையிட்டு எடுத்த உருளைக் கல், என்.கியூ. அளவுக் கோர், 47.6 மி.மீ. தடிமன். பெட்டி வந்ததும் அவர் கல்லைப் பார்ப்பதில்லை. முதலில் டிரில்லர் வைத்த மரக்கட்டைகளின் ஆழம், பிறகு டேப். மூன்று மீட்டர் ரன்னில் கோர் 2.82 மீட்டர், மீட்பு 94 சதம். பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் கூட்டு 2.10, அப்படியானால் பாறை எவ்வளவு முழுதாக இருக்கிறது என்று சொல்லும் ஆர்.கியூ.டி. 70. டிரில்லர் பெட்டியில் அடுக்க உடைத்த புது உடைவைச் சேர்த்து வைத்துத்தான் அளக்க வேண்டும். எங்கள் மாணவி அதை விரிசல் என்று எண்ணி 52 எழுதினாள். பாறையின் விரிசலில் துருவோ களிம்போ இருக்கும், சுத்தியல் உடைவு பளிச்சென்று இருக்கும். இந்த எண்ணை வைத்துத்தான் கூரைக்கு எத்தனை போல்ட் என்று முடிவு செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு கோரை நனைத்து, லென்ஸ் வைத்து, பாறை மாறும் இடங்களில் கோடு. ரீஃப் மூன்று மீட்டர் வெட்டியிருக்கிறது என்று பையன்களுக்கு ஒரே சந்தோஷம். அவர் புரோட்ராக்டரை வைத்துக் காட்டினார். ரீஃபுக்கும் கோர் அச்சுக்கும் இடையில் 30 டிகிரி. சைன் 30 அரை. நிஜத் தடிமன் ஒன்றரை மீட்டர்.

கிரேடு சராசரியிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஒரு மீட்டர் 2 கிராம், அரை மீட்டர் 20 கிராம், ஒன்றரை மீட்டர் 1 கிராம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 7.7. நீளத்தோடு பெருக்கி வகுத்தால் 4.5. முதல் எண்ணோடு மீட்டிங்குக்குப் போனவர்கள் உண்டு.

கோரை வைர ரம்பத்தால் நெடுகப் பிளந்து எப்போதும் ஒரே பக்கத்துப் பாதியை அனுப்புகிறார்கள். அழகான பாதி, அழகில்லாத பாதி என்று கை தேட ஆரம்பித்தால் சாம்பிள் கெட்டது. இருபது பைக்கு ஒரு ஸ்டாண்டர்டு (தங்க அளவு தெரிந்த பொடி), ஒரு பிளாங்க் (தங்கம் இல்லாத வெறுங்கல்), ஒரு டூப்ளிகேட் (அதே சாம்பிள் மறுபடி). பிளாங்க் எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். தங்கம் தெரிகிற சாம்பிளுக்கு அடுத்த எண்ணாக வைக்க வேண்டும். லேப் கிரஷரைச் சரியாகத் துடைக்காவிட்டால் அந்த வெறுங்கல்லில் தங்கம் வந்து நின்று காட்டிக்கொடுக்கும். ஸ்டாண்டர்டு அதன் சான்றிதழ் அளவிலிருந்து மூன்று திட்டவிலக்கம் தாண்டினால் அந்தக் கட்டு முழுவதும் மறுபடி லேபுக்கு. ஒரே பொடியில் 30 கிராம் எடுத்துப் பார்த்தால் 3.1, மறுபடி பார்த்தால் 9.8 என்று வருவதும் உண்டு. அதற்கு லேபைத் திட்டக் கூடாது, தங்கம் பொட்டுப் பொட்டாக இருக்கிறது என்று அர்த்தம். சல்லடை போட்டுத் தனியாகப் பார்க்கும் முறையைக் கேட்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர். சர்பேக், டேட்டாமைன் என்ற சுரங்க மென்பொருள்கள் தெரியுமா என்று எல்லோரும் கேட்பார்கள், வேலையில் சேர்ந்தும் கற்கலாம். அதற்கு முன் எக்செல்லில் நான்கு அட்டவணை சுத்தமாக வைக்கத் தெரிய வேண்டும்: துளை இருக்கும் இடம், துளையின் திசை, பாறை, அசே (லேப் தந்த தங்க அளவு). ஒரே துளையை ஓரிடத்தில் "DH-01", இன்னோரிடத்தில் "DH01" என்று எழுதினால் மென்பொருளுக்கு அவை இரண்டு துளை. 12.0 முதல் 13.0, அடுத்து 12.5 முதல் 13.5 என்றால் அரை மீட்டர் தங்கம் இரண்டு தடவை எண்ணப்படும். லேப் "0.01-க்குக் கீழ்" என்று எழுத்தாக அனுப்பியதை அப்படியே விட்டால் சராசரி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், அதில் பாதியை எண்ணாகப் போடுவது வழக்கம். வரைபடம் போடும் க்யூஜிஸ் மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிப் பழகலாம்.

சம்பளம் குறைவுதான் என்றார் அந்தப் பையன், தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்பதால் ஓடுகிறது. காண்ட்ராக்ட் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பு. புதுப்பிக்காமலும் போகலாம். தாது இருப்பை அறிவிக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்கும் ஜோர்க் விதிப்படி, ஒரு தாதுவகையில் ஐந்து வருட அனுபவம் இருந்தால்தான் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட முடியும். அதனால் தங்கத்தில் ஒரு வருடம், சுண்ணாம்பில் ஒரு வருடம் என்று தாவாமல் ஒன்றிலேயே நிற்கப் பார்க்கிறார். உள்நாட்டிலும் கதவுகள் திறக்கின்றன. பெரிய, இயந்திரமயச் சுரங்கங்கள் முழுநேர ஜியாலஜிஸ்டை வைத்திருக்க வேண்டும் என்று கனிமப் பாதுகாப்பு விதி சொல்கிறது. 2023 சட்டத் திருத்தம் 29 கனிமங்களுக்குத் தேடுதல் உரிமம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது.

கிளம்பும்போது அவருடைய பழைய டிக்கெட் புத்தகம் ஒன்றை மாணவியிடம் கொடுத்தார். பாதி மிச்சம் இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள். ராய்ச்சூர்

மத்தியானம் ரயில் நிலையத்தில் நிழல் தேடி உட்கார்ந்தோம். மோர் 15 ரூபாய், வெயில் நேற்றைவிடக் கடுமை. கானாவளி அக்கா கட்டிக்கொடுத்த ரொட்டி தகடு மாதிரி காய்ந்திருந்தும் கடலைப் பொடியோடு நன்றாகவே இறங்கியது.

பிளாட்பாரத்தில் தார்ப்பாயை விரித்து, பிள்ளைகள் பைகளைப் பிரித்துப் புதுப் பையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் கிழித்து ஜிப் கவரில் வைத்து, தகட்டில் எண் கீறினார்கள். பழைய எண்ணையும் புது எண்ணையும் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு போர்ட்டர் நின்று பார்த்து, தங்கமா என்று கேட்டார். இல்லை, சேலத்துக் கல் என்றதும் ஒன்றை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ரயில் வருமுன் ஒரு தடவை எண்ணினோம். பை 11. நோட்டிலும் 11, எடுத்துப்போட்ட மூன்றுக்கு எதிரே காரணம்.